பதினேழாம் நாள் புகை

டெஸ்மண்ட் சார், நீங்கள் வாங்கி வைத்த தே தாரிக் டீயில் சீனி அதிகம். பரவாயில்லை, குடிக்கிறேன். வாக்குமூலத்தைத் தமிழிலேயே எழுதலாம் என்றீர்கள், அதற்கு நன்றி. நான்கு வருடம் படித்த வேதியியலைத் தமிழில் எழுத எனக்கு இதுவரை யாரும் தாள் கொடுத்ததில்லை.

முதலில் ஒரு திருத்தம். பாயா ரும்புட்டில் என் அண்ணன் வீட்டிலிருந்து எடுத்ததை எல்லாம் உங்கள் ஆட்கள் ‘கஞ்சாப் பசை’ என்று ஒரே பெயரில் எழுதியிருக்கிறார்கள். அது தவறு. கஞ்சாப் பூவில் போதை இருப்பது அதன் மேல் பூத்திருக்கும் பிசினில்தான். பிசினை மட்டும் தனியாகப் பிரித்தால் சரக்கு செறிவாகிவிடும். எப்படிப் பிரிக்கிறோமோ அதைப் பொறுத்துப் பெயர் மாறும். சலித்தால் உதிர்கிற மஞ்சள் தூசி கீஃப். அந்தத் தூசியை அழுத்திக் கட்டியாக்கினால் ஹஷீஷ். கருப்பட்டி நிறம், மிகப் பழைய வகை. சூட்டிலும் அழுத்தத்திலும் பிழிந்தெடுப்பது ரோசின். கரைப்பான் ஊற்றிப் பிரித்தது மெழுகாகக் குழைந்தால் வேக்ஸ். அதுவே கண்ணாடி மாதிரி உறைந்து, தொட்டால் சில்லுச் சில்லாக உடைந்தால் ஷாட்டர். வேப் என்கிற மின்சிகரெட்டில் ஊற்றுகிறார்களே, தேன் நிறத்து எண்ணெய், அது டிஸ்டிலேட். அதில் வாசனைகூட இருக்காது. பூவில் நூற்றுக்கு இருபது பங்கு இருக்கிற போதை, ஷாட்டரில் எண்பதைத் தாண்டும். பூவைப் பற்றித் தெரிந்தவனுக்கும் இது தெரியாது.

சரக்கு வாங்குகிறவர்களுக்காக நான் எழுதி, நீங்கள் என் மடிக்கணினியில் பார்த்த அறிமுகக் குறிப்பு இதுதான். மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் எழுதியிருக்கிறேன். எழுதச் சொன்னவன் என் வகுப்புத் தோழன் ரெஜினால்ட். “ஒன் தீசிஸ எவன் படிச்சான்? இத கடைசி வரி வரைக்கும் படிப்பானுங்க லா,” என்றான். உண்மைதான், படித்தார்கள்.

ரெம்பியா பக்கம் எங்கள் தோட்டத்து லயத்திலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் அங்கியும் தொப்பியுமாக நிற்கும் படத்தை அண்ணன் கணேஸ்வரன் தன் லாரிக்குள் ஒட்டி வைத்திருக்கிறான். அந்தப் பட்டத்தோடு மூன்று வருடம் ஓர் எண்ணெய் ஆலையில் புட்டிகளுக்கு ஒட்டுத்தாள் ஒட்டினேன். எனக்குப் பிறகு வந்தவர்கள் எனக்கு மேலே போனார்கள். ரெஜினால்ட் மட்டும்தான் சரக்கின் சுத்தம் பார்த்து வகை பிரிக்க ஒரு வேதியியல்காரி வேண்டும் என்று தேடி வந்தான். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு தொகை ஷாட்டரை நான் வைத்துப் பாதுகாக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் மோகனா அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்தால் முப்பது நாள் தீட்டு. யாரும் விளக்கேற்ற மாட்டார்கள், சாமி மேடையைத் தொடவே மாட்டார்கள். தீட்டு என்பதே மடத்தனம் என்று வீட்டில் சண்டை போட்டவள் நான். ஆனால் அந்த மடத்தனத்தைப் போல நல்ல பூட்டு கிடைக்குமா? சாமி மேடையில் இருந்த சாம்பிராணி டின்னைக் காலி செய்து, சில்லுகளை அதில் போட்டு மூடினேன். முப்பது நாளைக்கு யாரும் தொடமாட்டார்கள்.

தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்ட மலர்விழி அக்கா வந்துகொண்டிருந்தார். எங்கள் லயத்துக்காரர்தான். பதினேழாம் நாள் சனிக்கிழமை காலை, பாப்பாவைக் குளிப்பாட்டித் துண்டில் சுற்றினார். தூபக்காலில் தணலும் தயாராக இருந்தது. அவர் கொண்டுவந்த சாம்பிராணி தீர்ந்துவிட்டது.

“மேடையில டின்னு இருக்குக்கா, எடுங்க,” என்றாள் அண்ணி.

“தீட்டு கழியலயேம்மா?”

“இவங்க வீட்லதான் முப்பது. எங்கம்மா வீட்ல பதினாறு. நேத்தே முடிஞ்சிருச்சு.”

பதினாறு என்று ஒரு கணக்கு இருப்பதே எனக்குத் தெரியாது. நான் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அக்கா ஒரு சில்லைத் தணலில் போட்டார்.

“என்னம்மா திவ்யா இது, பாகு மாரி உருகி ஓடுது?”

“புது மாதிரி சாம்பிராணிக்கா. இந்தியாவுலேர்ந்து வந்தது,” என்றேன்.

“டிகிரி படிச்சவங்க வாங்குனா சாம்பிராணியும் ஹைகிளாஸ் லா,” என்று அண்ணி சிரித்தாள்.

அக்கா இரண்டாவது சில்லைப் போட்டார். பாப்பாவைக் குப்புறப் பிடித்து, எப்போதும் செய்வதைப் போலத் தலைமுடியைப் புகையில் காட்டினார். பிறகு மூன்றாவதையும் போட்டார். காற்றுப் பட்டால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று ஜன்னலைச் சாத்தியிருந்தார்கள். நான் போய் இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து விட்டேன். அந்த அறையில் ஜன்னலைத் திறந்தவள் நான் ஒருத்திதான். அதையும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

தூபக்கால் அணைந்ததும் அக்கா துணி துவைக்கப் போனார். அண்ணி அசந்து தூங்கினாள். பாப்பா பாலுக்கு அழவில்லை. “நல்லாத் தூங்குது, புண்ணியம்,” என்றார் அக்கா. மதியம் உலுக்கியும் எழவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது.

மருத்துவமனை அவசரப் பிரிவில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். அண்ணியால் நிற்க முடியவில்லை. அண்ணன் ஜோகூர் பாதையில் லாரியில் இருந்தான். “நீ போ திவ்யா, நீதான் டாக்டருங்ககிட்ட பேசுவ,” என்றாள் அண்ணி. எங்கள் வீட்டில் மருத்துவமனை, வங்கி, பள்ளிக்கூடம் எல்லாவற்றிலும் நான்தான் வாய். டாக்டர் கேட்டார்: பிள்ளைக்கு என்ன கொடுத்தீர்கள்? நான் நல்ல ஆங்கிலத்தில் சொன்னேன். குளிப்பாட்டும் பெண் உரை மருந்து கொடுப்பார், சாதிக்காய், வசம்பு, அளவு தெரியாதவர். வீட்டில் புகை ஏதாவது போட்டீர்களா என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

அவர்கள் காரணத்தை வயிற்றில் தேடினார்கள்.

வெளியே வந்து, உரை மருந்தைத்தான் டாக்டர் சந்தேகப்படுகிறார் என்று அண்ணியிடம் சொன்னேன். மலர்விழி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இன்னிக்கு நான் ஒரசவே இல்லம்மா. நேத்து ஒரசுனேன். எப்பவும் போல ரெண்டு இழைப்புதான்.” பிறகு தன் விரல்களைப் பார்த்துக்கொண்டே, “மூணா இருக்குமோ?” என்று கேட்டார்.



இரண்டாம் நாளும் டாக்டர் கேட்டார். அன்றும் நான் சொல்லவில்லை. சுவாசக் கருவி வைத்தாகிவிட்டது, இனிச் சொல்லி என்ன மாறும் என்று எனக்கே விளக்கம் சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலை பாப்பா இறந்தது. பெயர் வைக்கவில்லை. சிறுநீர்ப் பரிசோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. நீங்களும் அதற்குப் பிறகுதான் வந்தீர்கள்.

நீங்கள் கேட்டது ஒரே கேள்வி, எப்போது தெரியும் என்று. முதல் சில்லு உருகியபோதே தெரியும். அது எது, எவ்வளவு, பதினேழு நாள் நெஞ்சுக்கு அது என்ன செய்யும் என்று அந்த வீட்டில் தெரிந்த ஒரே ஆள் நான். மூன்று சில்லு போட்டார். மூன்றுக்கும் நான் அங்கே நின்றேன்.

பாப்பாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று மலர்விழி அக்கா அண்ணன் காலில் விழுந்தார். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “எந்திரிச்சுப் போயிருங்க,” என்றான். அண்ணி அவரைப் பார்க்கவே இல்லை. அவர் தரையிலேயே கிடந்தார். நான்தான் தோளைப் பிடித்துத் தூக்கினேன், தண்ணீர் கொடுத்தேன். “விடுங்கக்கா. நீங்க என்ன வேணும்னா செஞ்சீங்க?” என்று சொல்லி வாசல்வரை கூட்டிப்போனேன். அந்த வீட்டில் அவரை மன்னித்தவள் நான் ஒருத்திதான்.