எழுத அனுமதி இல்லை

பழுது பார்க்கும்போது நான் ஒருநாளும் அவசரப்படுவதில்லை, ஐயா. அன்றும் அவசரப்படவில்லை.

அது 2006 ஆவணி. திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த நிவாரண அலுவலகத்தில் இராசமலர் பொறுப்பாளர், நான் கணினி வேலை. மூதூரில் சண்டை. அங்கிருந்து படகில் ஏற்றவேண்டிய காயக்காரரின் பட்டியல் கொழும்புக் கணினியில் இருந்தது. அந்தக் கோப்புறையை எங்கள் கணினியோடு இணைத்து, ஆளுக்கொரு கடவுச்சொல் போட்டுக் கொடுத்தவன் நான்தான்.

ஒரு காலை பட்டியல் திறந்தது, திருத்தினால் சேமிக்கவில்லை. எழுத அனுமதி இல்லை என்றது. கடவுச்சொல்லைத் திரும்பக் கொடுத்தேன். இணைப்பைத் துண்டித்து மறுபடி இணைத்தேன். வாசிக்க முடிந்தது, எழுத முடியவில்லை. இராசமலரின் கணக்கால் நுழைந்து பார்த்தேன்; எழுதியது. அப்படியென்றால் பழுது இணைப்பில் இல்லை. கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"திருத்தக்கூடிய ஆக்களில இருந்து உங்கட பேரை எடுக்கச் சொல்லி இராசமலர் மிஸ்தான் கடிதம் போட்டவ," என்றார்கள்.

ஆறு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறோம். அவளுக்குக் கணினி பழக்கியது நான். அவளிடமே கேட்டேன்.

"இப்ப ஒண்டும் கேளாதேங்கோ சேகரம் அண்ணை. பிறகு சொல்லுறன்," என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவளுடைய கணக்கு இன்னும் என் திரையில் திறந்திருந்தது. பட்டியலில் அவளுடைய கணவர் குணரத்தினத்தின் பெயர் இருந்தது. கால் முறிந்து மூதூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்தார். அந்த ஒரு வரியை அழித்துச் சேமித்தேன். அடுத்த படகில் வரட்டும் என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தைச் சுற்றிச் செல் குண்டு விழுவது எனக்குத் தெரியாமல் இல்லை.

பட்டியலில் இருந்தவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு படகு வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தின் மேலேயே செல் விழுந்தது.

அழித்தது அவளுடைய பெயரில் பதிவாகியிருந்தது. தன் கைதான் தவறிவிட்டது என்று இன்றைக்கும் நம்புகிறாள். நான் மறுத்துப் பேசவில்லை. குணரத்தினத்தின் செத்தவீட்டில் வந்தவர்கள் உட்காரக் கதிரை அடுக்கிக் கொடுத்தேன். அங்கேதான் சொன்னாள்.

"ரெண்டு பேர் என்னட்ட வந்தவங்கள், அண்ணை. தங்கட ஆக்களின்ர பேரை நீங்கள் பட்டியலில சேர்க்காட்டி உங்களைத் தூக்கிக்கொண்டு போவம் எண்டவங்கள். எழுத ஏலாத ஆளைத் தூக்கி என்ன பிரயோசனம்? அதுதான் உங்கட பேரை எடுப்பிச்சனான்."

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

பெயரை அழித்தது நான்தான், ஐயா. ஆனால் அந்த இரண்டு பேர் வந்ததை அவள் முதலே என்னிடம் சொல்லியிருக்கலாம், நம்பியவனிடம் மறைத்துவிட்டாள். அதற்காக அவளை நான் மன்னித்துவிட்டேன் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.