நேரத்தில் மட்டும் ஒரு திருத்தம்

செய்தியில் ஓர் எழுத்து தப்பாக வந்தாலும் எனக்குச் சோறு இறங்காது. ஏரியூரில் என்னைத் தெரிந்தவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பத்தொன்பது வருஷமாக டிவிக்குச் செய்தி கொடுக்கிறேன். சம்பள ஆள் இல்லை. சேனலில் மைக் கொடுத்திருக்கிறார்கள், நான் வீடியோ எடுத்து அனுப்புகிறேன். விபத்து, மறியல், யானை, வெள்ளம் எதுவானாலும் பைக்கில் நானே போய்விடுவேன். இத்தனை வருஷத்தில் ஒரு மறுப்புகூடப் போட்டதில்லை.

போன வாரம் என் முகநூல் பக்கத்தில் ஒருவர் என்னைப் 'பொய்ச் செய்திக்காரன்' என்று எழுதியிருந்தார். முந்நூறு பேர் அதற்கு லைக் போட்டிருக்கிறார்கள். அதனால் நடந்ததை இங்கே வரிசையாக எழுதுகிறேன். போலீசிலும் இதையேதான் சொல்லப்போகிறேன்.

ஆகஸ்டில் ஒகேனக்கல்லில் வெள்ளம் வந்தது. பரிசல் ஓட்டத் தடை போட்டிருந்தார்கள். சென்றாயன் என்ற பரிசல்காரர், கரையில் கவிழ்த்து வைத்திருந்த தன் பரிசலைத் தண்ணீர் இழுக்கிறதென்று இறங்கினார். காலை பத்தே முக்காலுக்கு ஆறு அவரையும் சேர்த்துக் கொண்டுபோனது. இன்னொரு பரிசல்காரர் காளியப்பன் அதைப் பார்த்திருக்கிறார். நான் அப்போது கேமராவை அருவிப் பக்கம் திருப்பியிருந்தேன். அந்தக் காட்சியைத் தவறவிட்டது என் குற்றம்தான்.

சென்றாயனின் மனைவி குள்ளம்மாள் அங்கேயே மீன் வறுத்து விற்பவர். அவரிடம் ஒரு போட்டோ கேட்டேன்.

"எதுக்குங்கண்ணா போட்டோ?"

"தேடறதுக்குத்தாம்மா."

மகன் காதுகுத்தில் எடுத்த படத்தைப் போனில் காட்டினார். பையனை வெட்டிவிட்டு அப்பாவை மட்டும் அனுப்பினேன். சேனலில் இருந்த பெண், "சார், ஆள் இருக்காரா, இல்லையா? மாயம்னா கீழ ஓடற வரியில போடுவோம். பலின்னா பிரேக்கிங்" என்றார். நியாயமான கேள்வி. அந்த இடத்தில் விழுந்து பிழைத்தவரை நான் பார்த்ததில்லை. பலி என்றேன். 11.20க்குச் செய்தி வந்தது. மற்ற சேனல்களில் எல்லாம் மாயம் என்றே ஓடியது.

பக்கத்துக் கடை டிவியில் பார்த்துவிட்டுக் குள்ளம்மாள் நேராக என்னிடம் வந்தார். அழவில்லை. கையில் மிளகாய்த்தூள் அப்படியே இருந்தது.

"தேடறதுக்குன்னுதானண்ணா வாங்கினீங்க? அதுக்குள்ள சாவடிச்சிட்டீங்களே."

துக்கத்தில் இருப்பவர்களிடம் வாதம் செய்வது என் வழக்கமில்லை.

தீயணைப்புக்காரர்கள் மூன்று மணி நேரம் தேடினார்கள். இரண்டு மணிக்குக் குள்ளம்மாள் திரும்ப வந்தார், கூடவே காளியப்பனும்.

"அண்ணா, இந்தப் பொட்டியில ரொம்ப தூரத்துல இருக்கறதுகூட தெரியுமாமே. அந்தப் பாறைங்க பக்கம் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கண்ணா."

"ஆளு மட்டும் கண்ணுல பட்டாப் போதுங்க," என்றார் காளியப்பன். "கவுறு கட்டிப் போயி இழுத்துக்கிட்டு வந்துர்றோம். தண்ணி இன்னும் ஏறல."

மேட்டில் ஸ்டாண்டு போட்டு ஜூம் செய்து பார்த்தேன். ஆற்றின் நடுவில், மத்தி மரங்களுக்குப் பின்னால் ஒரு பாறை. அதன்மேல் சென்றாயன் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் மடங்கிக் கிடந்தது. லென்ஸில் வெயில் பட்டு மின்னியிருக்க வேண்டும். என்னைப் பார்த்துத்தான் கையை ஆட்டினார்.

இந்த இடத்தில் பிரபாகரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பென்னாகரத்து நிருபர், நல்ல மனுஷன். ஒருதரம் ஒரு முன்னாள் ஊராட்சித் தலைவர் இறந்துவிட்டதாகச் செய்தி கொடுத்துவிட்டார். அவர் இறக்கவில்லை. மறுநாளிலிருந்து அந்தத் தலைவர், பிரபாகர் டீ குடிக்கும் கடைக்கே வந்து உட்கார்ந்துகொண்டார். "என்னப்பா, பொணம் டீ குடிக்குது, பிரேக்கிங் போடலியா?" என்று தினமும் கேட்பார். கடையே சிரிக்கும். சேனலில் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிரபாகர் இப்போது ஓசூரில் செக்யூரிட்டி வேலை பார்க்கிறார். பிழையான செய்தி ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று அன்று பார்த்தேன்.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, "யாரும் இல்லம்மா" என்றேன்.

"நல்லா பாத்தீங்களாண்ணா?"

"நல்லா பாத்துட்டேன்."

தீயணைப்பு அதிகாரியும் வந்து கேட்டார். அவரிடமும் அதையே சொன்னேன். ஆளுக்கொன்று மாற்றிச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை. எல்லோரும் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கீழ்ப்பக்கம் தேடப் போனார்கள். குள்ளம்மாள் போகும்போது, "சிரமம் குடுத்துட்டேன்" என்றார். பரவாயில்லை என்றேன்.

நான் போகவில்லை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் சென்றாயன் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் கட்டினார். பச்சைச் சட்டை. இலையோடு இலையாகப் போய்விட்டது. கத்தியும் பார்த்தார், அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை. மூன்று மணிக்குமேல் தண்ணீர் ஏறியது. அதுவரைக்கும் கீழே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்பீர்கள். சொல்லியிருக்கலாம். நான்கு மணிக்குப் பாறையில் பாதிதான் தெரிந்தது. 5.40க்கு எதுவும் தெரியவில்லை. இன்னும் பத்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கேமராவை அணைத்தேன். உறுதி செய்யாமல் நான் கிளம்புவதில்லை.

மூன்றாம் நாள் நாகமரைப் பக்கம் உடல் ஒதுங்கியது. இறுதி ஊர்வலத்தையும் நானே எடுத்தேன். குள்ளம்மாள் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்.

வெள்ளம் வடிந்ததும் காளியப்பன் அந்தப் பாறைக்குப் போயிருக்கிறார். கிளையில் சட்டை இருந்தது, இரட்டை முடிச்சு. கொண்டுவந்து குள்ளம்மாளிடம் கொடுத்திருக்கிறார். "செத்தவன் வந்தா சட்டைய கட்டினான்?" என்று காளியப்பன் கேட்டதைத்தான் அந்த முகநூல்காரர் எடுத்துப் போட்டிருக்கிறார்.

கேள்வி நியாயமானது. மூன்றரை மணி நேர வீடியோ என்னிடம் இருக்கிறது. கேட்டால் போலீசில் ஒப்படைக்கிறேன். சேனலுக்கு அனுப்பவில்லை. குடும்பத்தார் மனம் புண்படும் காட்சிகளை நான் வெளியிடுவதில்லை.

ஆகவே, என் பத்தொன்பது வருஷத்தில் முதல் திருத்தம். பரிசல் ஓட்டி சென்றாயன் பலியான நேரத்தைக் காலை பத்தே முக்கால் என்பதற்குப் பதிலாக மாலை 5.40 என்று வாசிக்கவும். மற்றபடி நான் கொடுத்த செய்தியில் பிழை இல்லை.