ஓவனில் ஜின்சி வைத்த கலம்

என் பெயர் இந்துஜா. வயது 29. தகப்பனார் பெயர் சிவதாணு. கன்னியாகுமரி மாவட்டம் அருமனையில் பெற்றோருடன் வசித்து வருகிறேன். திருவட்டாறு அருகே ஒரு தனியார் கல்லூரியில், வேதியியல் பேராசிரியர் சுயம்புராஜ் அவர்களிடம் மூன்று வருடமாக முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். ரப்பர் பால் ஆலைக் கழிவுநீரிலிருந்து அம்மோனியாவை உறிஞ்சி எடுக்க சிர்கோனியம் பாஸ்பேட் என்ற வெள்ளைப் பொடி தயாரித்து, அதிலுள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகளை அகலப்படுத்துவதே எங்கள் வேலை. அதற்கு சோப்பு போன்ற ஒரு பொருளைச் சேர்த்து, இறுக மூடிய ஸ்டீல் கலத்தில் வைத்து ஓவனில் சூடாக்கி, பிறகு அந்தப் பொருளைப் பொடியிலிருந்து நீக்க வேண்டும். நான் உலையில் எரித்து நீக்குவேன். ஒவ்வொரு முறையும் துளைகள் இடிந்து மூடிவிடும்.

சென்ற ஆண்டு திற்பரப்பைச் சேர்ந்த ஜின்சி எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதன் பிறகு அவர் எரிக்காமல் சூடான எத்தனாலில் கழுவிப் பார்த்ததில் துளைகள் இடியாமல் நின்றன. அன்று பேராசிரியர் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கித் தந்தார். என் பங்கை நான் தாளோடு குப்பைக் கூடையில் போட்டேன். அதன் பிறகு என்னிடமிருந்த கருவி அறைச் சாவியைப் பேராசிரியர் வாங்கி ஜின்சியிடம் கொடுத்தார். ஜின்சி என்னிடம், “அக்கா, உங்களுக்க பொடியையும் நான் கழுவித் தரட்டா?” என்று கேட்டார். நல்ல மனதோடு கேட்கிறார் என்று தெரிந்தும் வேண்டாம் என்றேன். அவர் துளைகளின் படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகும்போதெல்லாம் எழுந்துபோய்ப் பார்ப்பேன். எனக்குப் பொறாமை இருந்ததாக மற்றவர்கள் சொல்லியிருப்பது உண்மை.

எங்கள் ஓவன் சில மாதங்களாக, வைத்த அளவுக்கு மேல் தானாகவே சூடேறி வந்தது. நாங்கள் இருவரும் சொன்னபோது பேராசிரியர், “கொறச்சு வச்சு ஓட்டுங்க” என்றார். சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஜின்சி கலத்தில் கரைசலை ஊற்றினார். என்ன அளவு எடுக்கிறார் என்று தெரிந்துகொள்ள நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அவர் பாதிக்கு மேல் ஊற்றவில்லை என்று உறுதியாகச் சொல்வேன். அதன் பிறகு கலத்தை இறுக மூடி, ஓவனில் வைத்து, 150 டிகிரி வைத்தார். மதியத்துக்குப் பிறகு கருகிய வாடை வந்தது. ஓவனில் 260க்கு மேல் காட்டியது. ஜின்சி அணைக்க ஓடினார். அப்போது கலம் வெடித்து, கதவு திறந்து, கொதித்த கரைசல் அவர் முகத்திலும் வலது கையிலும் பட்டது. நான் மெயின் சுவிட்சை அணைத்து, அவரைக் குழாயடிக்கு இழுத்துச் சென்று தண்ணீர் ஊற்றினேன். அதன் பிறகு வாட்ச்மேன் உதவியுடன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அவருக்கு வலது கண்ணில் இன்னும் பார்வை வரவில்லை என்று அறிகிறேன்.

அன்று மாலை பேராசிரியர் என்னை அழைத்து, “மக்கா, அவ கலத்துல நெறய ஊத்திட்டான்னு சொல்லு. ஓவன் காரியம் பேசாண்டாம். இந்த ஆராய்ச்சிக் கட்டுரையில முதல் பேரு உனக்குத்தான்” என்றார். நான் வெளியே வந்து பஸ் ஏறினேன். அருமனை தாண்டி இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் இறங்கினேன். மறுநாள் அவரிடம், நான் பார்த்ததைத்தான் சொல்வேன் என்றேன். அதன் பிறகு அவர் ஜின்சியின் அண்ணன் எபிசனிடம், நான் பொறாமையில் ஓவன் சூட்டைக் கூட்டி வைத்ததாகச் சொன்னார். அதை நம்பி எபிசன் என்மேல் இந்தப் போலீஸ் புகாரைக் கொடுத்துள்ளார். இன்று காலை ஸ்டேஷன் வாசலில் எபிசன், “நீயா ஏட்டி செஞ்ச?” என்று கேட்டார். ஓவனை நான் தொடவில்லை என்று அவரிடமும் சொன்னேன்.

வெடித்த ஓவனை யாரும் எடுத்துப் போகுமுன் பரிசோதிக்க வேண்டுகிறேன். ஜின்சியைப் பார்க்க நான் இதுவரை போகவில்லை. எத்தனாலில் கழுவும் அந்தச் செய்முறை யாருடையது என்று ஐயா கேட்டதால் சொல்கிறேன். அது முழுவதும் ஜின்சியுடையது. அதில் என் பங்கு எதுவும் இல்லை.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னதும் இதுவே, நடந்ததும் இதுவே.

(ஒப்பம்)
சி. இந்துஜா