அக்காவுக்கு ஒரு ஜன்னல்

வண்ணக் கண்ணாடிக்கு உச்சி வெயில் ஆகாது. லேசாக மேகம் போட்டிருக்கும் நாளில் வந்து பாருங்கள். நீலம் அப்போதுதான் எடுப்பாகத் தெரியும். இதை எனக்குச் சொன்னவர் கோயில் ஜன்னல்களைச் செய்ய வந்த கண்ணாடிக்காரர். ஒன்றைச் சொல்லிவிட்டு, எனக்குப் புரிந்ததா என்று முகத்தைப் பார்ப்பார். அப்புறம்தான் அடுத்ததற்குப் போவார். உட்காருங்கள் ஐயா, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் பங்குக் கோயிலின் பழைய ஜன்னல்களைப் புயல் கொண்டுபோய்விட்டது. பலகை அடித்து வைத்திருந்தோம். புதிய ஜன்னல்கள் செய்வதென்று முடிவானபோது பங்குத்தந்தை ஓர் ஏற்பாடு சொன்னார். ஒவ்வொரு ஜன்னலையும் ஒரு குடும்பம் ஏற்றுக்கொள்ள வேண்டும், தங்கள் வீட்டில் இறந்த ஒருவருடைய நினைவாக. கண்ணாடிக்காரரும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார். இறந்தவரைப் பற்றி வீட்டார் வாயால் கேட்காமல் பென்சிலைத் தொடமாட்டாராம்.

கேட்பதற்கு அவருக்குக் கொடுத்த இடம் பீடத்துக்குப் பின்னாலிருந்த அறை. பீடத் துணிகளை நான் தேய்ப்பதும் அங்கேதான். நான் இருப்பது யாருக்கும் இடைஞ்சலில்லை. என்னைச் சுவரோடு சேர்த்தே பார்த்துப் பழகியவர்கள். ரொட்டிக்கடை அம்மாதான் முதலில் வந்தார். கணவருக்குக் கோபம் வந்தால் என்ன செய்வார் என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

“கதவை அடிச்சுச் சாத்திட்டு வெளிய போவாரு. குடையை மறந்திருப்பாரு. திரும்பி வந்து தட்டுவாரு. நான் திறக்கவே மாட்டேன்.”

சிரித்தார், பிறகு அழுதார். கண்ணாடிக்காரர் காத்திருந்தார். ஒருவர் பேசி முடிக்கும்வரை இன்னொருவர் அப்படிக் காத்திருந்து நான் பார்த்ததில்லை. நான் வேலைக்காலம் முழுக்க ஓர் அலுவலகத்தின் தொலைபேசிப் பலகையில் உட்கார்ந்திருந்தவள். ‘கொஞ்சம் இருங்க, இணைக்கிறேன்’ என்பேன். இணைத்ததும் விலகிவிட வேண்டும். பேச்சு மற்றவர்களுக்கு.

கடைசியில் பாடகர் மாடத்துக்குப் பக்கத்தில், உயரத்தில், ஒரு சிறிய ஜன்னல் மிஞ்சியது. அதற்கு ஆளில்லை. எனக்கும் சொல்லிக்கொள்ளும்படி இறந்தவர் இல்லை. பெற்றவர்கள் போனபோது நான் கைக்குழந்தை, முகம்கூட நினைவில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவள் அக்கா. அவள் வேறு ஊரில் மகன் வீட்டில் சௌக்கியமாக இருந்தாள்.

“என் அக்கா நினைவா” என்றேன்.

“எப்படி இருப்பாங்க உங்க அக்கா?” என்றார் அவர். எதிரிலிருந்த நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டார்.

பொய்யென்று அதைச் சொல்ல மாட்டேன். அவளைப் பற்றி நான் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம். எனக்குத் தலை வாரும்போது சீப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு பேசுவாள். வீட்டுக்கு யார் வந்து என்னிடம் என்ன கேட்டாலும் எனக்கு முந்தி அவளே பதில் சொல்லிவிடுவாள். அவர் தலையாட்டிக்கொண்டே வரைந்தார். பாதியில் எழுந்தால், “மீதியை அடுத்த வாரம் சொல்லுங்கம்மா” என்பார். ஒரு வாரம் முழுக்க அந்த மீதியை வைத்துக்கொண்டு இருப்பேன். மற்ற ஜன்னல்களுக்கு ஒரு தடவை, இரண்டு தடவை உட்கார்ந்தவர், எனக்கு மழைக்காலம் முழுவதும் உட்கார்ந்தார்.

பிறகு சூளையில் வைத்து எடுத்தார், ஈயப் பட்டை கட்டினார், சாரம் போட்டு ஏற்றிப் பொருத்தினார். கையில் விளக்கோடு ஒரு பெண், பேசப்போகிற மாதிரி வாய். அடியில் அக்காவின் நினைவாக என்ற எழுத்து. வரும் ஞாயிறு பங்குத்தந்தை ஜன்னல்களை ஆசீர்வதிக்கும் மந்திரிப்பு என்று அறிவித்துவிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் அக்கா பெட்டியோடு வந்து இறங்கினாள்.

“ஏய் ஊமைக்கோட்டான், தள்ளு, உள்ள விடு. மருமகளுக்கும் எனக்கும் ஒத்து வரலை. இனிமே நீயும் நானும்தான். செத்தாலும் இந்த வீட்டை விட்டு நகரமாட்டேன்.”

சமையலறையில் பாத்திரங்களை இடம் மாற்றினாள். என் கட்டிலை ஜன்னலோரம் தள்ளிப்போட்டாள். கூட ஓர் ஆள்தானே எனக்கு வேண்டியது என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. இருக்கலாம். ஆனால் நானிருந்த நிலையை நினைத்துப் பாருங்கள். இறந்தவர் நினைவாக என்று எழுதிய ஜன்னல் மேலே. அந்த ஆள் கீழே ஞாயிற்றுக்கிழமை வரிசையில். கோயில் சுவரில் ஒரு பொய்யை எப்படி வைத்துக்கொள்வது? ஜன்னலை இறக்கவும் வழியில்லை. சுற்றிலும் காரை இறுகிவிட்டது.

மத்தியானம், கோயிலில் யாருமில்லாத நேரம் பார்த்து அவளை அழைத்துப்போனேன். சாரம் இன்னும் பிரிக்கப்படவில்லை. ஏறும்போது வழியெல்லாம் மூச்சு வாங்கியது அவளுக்கு. என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். மேலே நின்று எழுத்தைப் படித்தாள். சாரமே ஆடும்படி சிரித்தாள்.

“ஏன்டி, என்னை எப்போ கொன்ன? சொல்லியிருந்தா நல்லதா ஒண்ணு உடுத்திட்டு வந்திருப்பேன்ல.”

கோபமே வரவில்லை அவளுக்கு. என் கன்னத்தைத் தட்டினாள். நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: “அந்த மனுஷனைக் கூப்பிடு. நானே அவர்கிட்ட பேசறேன். நீ எல்லாத்தையும் தப்பும் தவறுமா சொல்லியிருப்ப. உனக்கு எங்கடி பேச வரும்?”

அதற்காகச் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். ஜன்னலுக்காகத்தான். கையை விட்டேன். விட்டால் மட்டும் போதாதென்று தோன்றியதால் தள்ளினேன்.

கொஞ்ச நேரம் அவள் கண் திறந்திருந்தது. இறங்கிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக்காரரிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் அவளிடமும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டது அன்றைக்குத்தான். சொல்லி முடித்த பிறகு போய்ப் பங்குத்தந்தையைக் கூப்பிட்டேன்.

எனக்கு இரண்டு அக்காக்கள் என்று எல்லாரும் தாங்களாகவே எடுத்துக்கொண்டார்கள். ஒருத்தி நினைவு ஜன்னலைப் பார்க்க ஏறி இன்னொருத்தியும் போனாளே என்று வீட்டில் கூட்டம் தாங்கவில்லை. ரொட்டிக்கடை அம்மா என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். கண்ணாடிக்காரரும் வந்தார், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, நின்றபடியே துக்கம் கேட்டுவிட்டுப் போய்விட்டார். வேறு ஊரில் வேலை ஒப்புக்கொண்டிருக்கிறாராம். பிறகு மற்றவர்களும் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவரவருக்கு அவரவர் பாடு.

நீங்கள் கால் தவறிய விபத்தென்று எழுதி வழக்கை எப்போதோ முடித்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும். யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் உங்களைக் கூப்பிட்டேன். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதல்லவா. உண்மை வெளியே வரவேண்டும், அவ்வளவுதான் காரணம்.

பேனாவை மூடுகிறீர்களே. கையெழுத்துப் போடுகிறேன், அவசரமில்லை. அக்கா எனக்குப் பேசக் கற்றுக்கொடுத்த கதையை நான் இன்னும் தொடவே இல்லை. மீதியைக் கேட்க நாளைக்கும் நீங்களேதானே வருவீர்கள்?