அலுமாரிக்குள் ஒரு குரல்

— அலுமாரியைத் திற, டிலானி. உள்ளுக்க ஆர்?

— ஒருத்தரும் இல்லை. உடுப்புத்தான்.

— எனக்கு விசர் பிடிக்கப் பண்ணாத. கடல் சரியில்லையெண்டு நேரத்தோட திரும்பி வாறன். படலையடியிலயே கேக்குது, "பயப்பிடாத ராசா, நான் வருவன்" எண்டு. என்னைக் கண்ட உடன அலுமாரியைச் சாத்திறாய். ஆரடி அந்த ராசா?

— இஞ்சேருங்கோ, கையை விடுங்கோ, நோகுது. நானே திறக்கிறன். பாருங்கோ. கூறைச்சீலை, போர்வை, என்ர போன். வேற என்ன கிடக்கு?

— அப்ப போனில ஆரோ.

— ஆருமில்லை. போனில கதை வாசிச்சுப் பதியிறனான். கனடாவில ஒரு கொம்பனி புத்தகம் அனுப்பும். கண் தெரியாத ஆக்கள் கேக்கிறதுக்கு. என்ர பாட்டில வீட்டில இருந்து செய்யிற வேலை.

— அதுக்கு அலுமாரிக்குள்ள ஏன் தலையை விடுறாய்?

— இந்தத் தாழ்வுபாட்டு ஊர்க் காத்தும் கழுதையளும் வெளியில வாசிக்க விடுமோ? சீலையளுக்க தலையை வைச்சாத்தான் சத்தம் வராது.

— எனக்கேன் சொல்லேல்லை?

— தையல் மெசினைக் கிணத்துக்க போட்டனீங்கள். புடவைக் கடை வேலைக்கும் போக விடேல்லை. இதைச் சொன்னா போனும் கிணத்துக்கதான். பயத்திலதான் சொல்லேல்லை.

— மடு மாதாவில சத்தியம் பண்ணு.

— மடு மாதாவாண, எனக்கு ஒரு ஆம்பிளையோடயும் தொடர்பில்லை. ராசா கதையில வாற பெடியன், தாய் அவனுக்குச் சொல்லுறா. இந்தாங்கோ, கேளுங்கோ.

— உது உன்ர குரலோ?

— ஓம்.

— றேடியோவில வாற மாதிரிக் கிடக்கு. அங்க, கழுதை கத்துது.

— அதோட நிப்பாட்டிப் போட்டன். திரும்ப வாசிக்க வேணும்.

— நான் என்னவெல்லாமோ நினைச்சிட்டன். சரி, அழாத. சோத்தைப் போடு.

— போடுறன். பிள்ளையும் இப்ப பள்ளிக்கூடத்தால வந்திடுவாள்.

— பொறு.

— என்ன?

— கழுதை கத்தேக்க நான் கிணத்தடிக்கு வந்திட்டன். அதுக்குப் பிறகும் நீ கதைச்சனீ. "ஞாயிறு பூசை முடிய மகளோட வாறன், அக்கா, வீட்டுத் திறப்பைத் தாங்கோ" எண்டு. அது இதில இல்லையே.

— சோறு ஆறப் போகுது.

— அதும் கதைதானே? எங்க, மாதாவில சத்தியம் பண்ணு பாப்பம்.

— உங்களுக்குப் பொய் சொல்லுவன், மாதாவுக்கு ஏலாது. அரிப்பு ஊரில வாடகைக்கு வீடு எடுத்திட்டன், நானும் பிள்ளையும் போறம்.