கம்பியில் தொங்கிய துண்டு

சனிக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு நான் வண்டியைக் கழுவித் துடைத்து முடித்திருந்தேன். வாடகை வண்டிதான். ஆனாலும் நண்பர்கள் ஏறி உட்காருகிற இடம் அழுக்காக இருப்பது எனக்குப் பிடிக்காது.

என் வேலையைப் பற்றிக் கேட்டீர்கள். பல் கட்டுகிறேன். டாக்டர்கள் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார்கள். நான் பின்னறையில் உட்கார்ந்து மெழுகில் வடித்து, பற்களைப் பொருத்தி, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பேன். இந்த ஊர்க் கிழவர்களில் பாதிப் பேர் என் பல்லால்தான் சிரிக்கிறார்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. திங்கள் முதல் வெள்ளி வரை நான் பேசுவது பார்சல் கொண்டுவருபவரிடம் மட்டும். அதுவும் கையெழுத்து எங்கே போடுவது என்பதோடு முடிந்துவிடும்.

நாங்கள் நாலு பேர். பள்ளிக்கூடத்திலிருந்தே ஒன்றாக இருப்பவர்கள். பேக்கரிக்காரன், ஒயர்மேன், சோடா, நான். சோடா கணக்கு வாத்தியார். கண்ணாடி, சோடா பாட்டிலின் அடிக்கனம் இருக்கும். அதனால் அந்தப் பெயர். மழைக்காலம் தவிர மாதம் ஒருமுறை சனி, ஞாயிறு சேர்த்துக் காட்டோரம் போவோம். அங்கே ஒரு மரக் கோபுரம் உண்டு. முன்னால் சின்னக் குளம். மிருகங்கள் தண்ணீர் குடிக்க வரும்.

கோபுரத்துச் சட்டதிட்டமெல்லாம் சோடா போட்டது. பேசக்கூடாது. மின்னுகிற எதுவும் உடம்பில் இருக்கக்கூடாது. கடிகாரம், மோதிரம், கண்ணாடி எல்லாம் பைக்குள் போய்விடும். தன் கண்ணாடியையும் கழற்றி வைத்துவிடுவான்.

“அப்புறம் நீ எதுக்குடா வர்ற, மோப்பம் பிடிக்கவா?” என்பான் ஒயர்மேன்.

“நீங்க பாருங்கடா. சாயங்காலம் கதையாச் சொல்லுங்க, நான் கேட்டுக்கறேன்” என்பான்.

யாராவது கீழே இறங்கினால் கத்திக் கூப்பிட முடியாது. அதற்கு ஒரு வெள்ளைத் துண்டு வைத்திருந்தோம். கைப்பிடிக் கம்பியில் துண்டு தொங்கினால் வழியில் ஒன்றுமில்லை, வரலாம். துண்டு இல்லையென்றால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். துண்டு என் பொறுப்பு. நாள் முழுக்க நுணுக்க வேலை பார்க்கிறவன் என்பதால் என் கண்ணை எல்லாரும் நம்பினார்கள். வேறு எதற்காகவும் யாரும் என்னை நம்பியிருந்ததாக நினைவில்லை.

அந்தத் தடவை வண்டியில் போகும்போதே பேச்சு வந்தது.

“அடுத்த மாசத்துலேருந்து குடும்பத்தோட போலாம்டா” என்றான் சோடா. “என் பொண்டாட்டி முறைக்கறா. உங்களுக்கு மட்டும்தான் ஞாயித்துக்கிழமையாங்கறா. கடற்கரைப் பக்கம் ஒரு இடம் பாத்து வெச்சிருக்கேன்.”

“என் வீட்லயும் அதே பாட்டுதான்” என்றான் பேக்கரிக்காரன்.

ஒயர்மேன் என்னைக் காட்டினான். “அப்ப இவன்?”

“இவனும் வரட்டும். நாம தண்ணியில எறங்கினா செருப்பைப் பாத்துக்க ஆள் வேணாமா?”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான். எனக்குக் கோபம் வந்தது என்று எழுதினீர்களானால் அது தப்பு.

ஒரு விஷயம் மட்டும் நினைவுக்கு வந்தது. முன்பு பேக்கரிக்காரனுக்கு வயிற்றில் ஆபரேஷன் நடந்தபோது நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தோம். ஒரே பிளாஸ்க், ஒரே போர்வை. ஒயர்மேன் என் தோளில் சாய்ந்து தூங்கினான். அசைந்தால் விழித்துவிடுவான் என்று கை மரத்துப்போன பிறகும் நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஒருவனும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் நல்ல நாட்கள் எவை என்று கேட்டால் அவற்றைத்தான் சொல்வேன். வண்டி ஓட்டிக்கொண்டே அந்த வராந்தாவை நினைத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் சோடா ஒண்ணுக்குப் போக இறங்கினான். கோபுரத்துக்குப் பின்பக்கம், புதர்களைத் தாண்டி ஒரு பெரிய மரம் இருக்கிறது. வழக்கமாக அங்கேதான் போவோம். மற்ற இருவரும் குளத்துப் பக்கம் மான்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேலேயே பின்பக்கக் கம்பியோரம் நின்றேன். புதருக்குள்ளிருந்து ஒரு கரடி குட்டிகளோடு வந்தது. பாதையோரம் இருந்த கறையான் புற்றைக் கிளற ஆரம்பித்தது.

உடனே துண்டை எடுத்துவிட்டதாக அன்றைக்கு உங்கள் ஸ்டேஷன் ஆட்களிடம் சொன்னேன். அது பொய்யில்லை. எடுத்தேன். மரத்தடியில் சோடா அண்ணாந்து பார்த்தான். கண்ணைச் சுருக்கினான். நின்றுவிட்டான். கரடிக்கு அவன் இருப்பதே தெரியாது. காற்றும் கரடியிடமிருந்து அவன் பக்கமாகத்தான் அடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றிருந்தால் அது தன் பாட்டுக்குப் போயிருக்கும்.

பிறகு துண்டை மறுபடியும் கம்பியில் போட்டேன். சுருக்கமில்லாமல் விரித்துப் போட்டேன். அவனுக்கு நன்றாகத் தெரிய வேண்டுமே.

ஒரு கால், இல்லாவிட்டால் ஒரு கை. அதற்கு மேல் நான் நினைக்கவில்லை. ஒரு மாதம் ஆஸ்பத்திரி. சோடா என்னை நோக்கிக் கையை ஆட்டிவிட்டு நடந்து வந்தான்.

அவன் கத்தியதும் மற்றவர்கள் திரும்புவதற்குள் துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். மூன்று பேரும் கூச்சல் போட்டோம். சாப்பாட்டுத் தட்டுகளைத் தட்டினோம். கரடி குட்டிகளைக் கூட்டிக்கொண்டு ஓடிவிட்டது.

சோடா சில நாள் உயிரோடிருந்தான். வராந்தா நான் நினைத்தபடியே இருந்தது. ஒயர்மேன் பிளாஸ்க்கில் டீ வாங்கி வந்தான். ஒரு சாயங்காலம் என்னை மட்டும் உள்ளே விட்டார்கள்.

“துண்டு தொங்குற மாதிரி தெரிஞ்சுதுடா” என்றான் சோடா.

“இல்லையே” என்றேன்.

“அப்ப என் கண்ணுதான். கண்ணாடியப் போட்டிருக்கணும்.” என் கையைப் பிடித்தான். “நீ மனசுல எதுவும் வெச்சுக்காதடா.”

நான் வைத்துக்கொள்ளவில்லை.

அவன் போன பிறகு வந்த நாட்களும் நன்றாக இருந்தன. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், நடந்ததைச் சொல்கிறேன். தினமும் சாயங்காலம் சோடா வீட்டில் கூடினோம். பேக்கரிக்காரன் மீந்த பன்னெல்லாம் கொண்டுவருவான், தின்றுகொண்டே அழுவான். ஒழுகிக்கொண்டிருந்த குழாயை நான் சரிசெய்து கொடுத்தேன். “நீங்க மட்டும் இல்லேன்னா என்ன பண்ணியிருப்பேன்ணா” என்றாள் சோடாவின் மனைவி. என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு ஆறுதல் சொல்ல என்னைவிடப் பொருத்தமானவன் இல்லை என்றுகூட எனக்குத் தோன்றியது.

பிறகு அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். பேக்கரிக்காரன் போனை எடுப்பதில்லை. ஒயர்மேன் எடுப்பான். “மாப்ள, ஏணி மேல நிக்கறேன், எறங்கிட்டுக் கூப்பிடறேன்” என்பான். கூப்பிட மாட்டான். போன சனிக்கிழமை பேக்கரிக்குப் போனேன். இரண்டு பேரும் குடும்பத்தோடு கடற்கரைக்குப் போயிருப்பதாகக் கடையில் சொன்னார்கள்.

என்மேல் யாருக்கும் சந்தேகமில்லை. விபத்து என்று முடித்துவிட்டீர்கள். நானாகத்தான் வந்தேன். ஏன் வந்தாய் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஏதாவது ஒன்று எழுதத்தானே வேண்டும்.

காலையிலிருந்து என் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். நடுவில் உங்கள் போன் அடித்தது, நீங்கள் எடுக்கவில்லை. இத்தனை தடவை என்னிடம் யாரும் “அப்புறம்?” என்று கேட்டதில்லை. இப்போது காகிதங்களை அடுக்குகிறீர்கள், நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறீர்கள்.

“சார், நாளைக்கும் நீங்கதானே வருவீங்க?”