ஞாயிற்றுக்கிழமை சாக வேண்டிய திருடன்

வடக்குத்து நிறுத்தத்தில் சுரங்க டவுன்ஷிப் பஸ் ஏறி உட்கார்ந்ததும், பின்சீட்டில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

“ஞாயித்துக்கிழமை உன் திருடனக் கொன்னுடப் போறேன்டா.”

அவள் பக்கத்தில் சுரங்க வேலைச் சட்டையோடு ஓர் இளைஞர். நண்பர்கள் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை விளையாட்டு அது என்பது பிறகுதான் புரிந்தது. கதையை நடத்துபவள் அவள்.

“ஏன், நல்லாத்தானே திருடினுக்கீறான்?”

“எங்க? அரண்மனைக்குள்ள பூந்தவன் செருப்ப வெளிய கழட்டி வுட்டுட்டுப் போறான். காவக்காரனுக்கு வணக்கம் வேற வைக்கிறான். இப்படி ஒரு திருடன் இருக்கான்னா எவன் நம்புவான்?”

“அவன் திருடர் சங்கத்துல பத்து வருஷமா காண்ட்ராக்ட்டு. ஏதாவது புகார் வந்தா பர்மனென்ட் பண்ண மாட்டாங்கன்னு பயந்துகினே திருடுறான்.”

அவள் மடியிலிருந்த நோட்டைத் திறந்தாள்.

“இத மொதல்லியே சொல்லக் கூடாதா? இனிமே அவன நான் எப்படிக் கொல்றது?” என்று நோட்டில் எழுதியிருந்ததை அடித்தாள்.

ஷிஃப்ட் முடிந்து என் பக்கத்தில் தூங்கிக்கொண்டு வந்த பெரியவர் மெல்லப் பின்சீட்டு இளைஞர் பக்கம் திரும்பினார்.

“தம்பி, அவரு எந்தக் காண்ட்ராக்டர்கிட்ட இருக்காரு?”